மவுஸா, கட்டளையா: எந்த வேலைக்கு எது?

கேள்வி இதுதான்: "லினக்ஸ் சர்வர்களைப் பராமரிக்கும் குழுவில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். கல்லூரிக் காலம் முழுக்க விண்டோஸ்தான் பழக்கம். இங்கே மூத்தவர்கள் எல்லோரும் கறுப்புத் திரையில் தட்டிக்கொண்டே இருக்கிறார்கள். நான் மவுஸைத் தொட்டால் சிரிக்கிறார்கள். கட்டளை வரியை உண்மையிலேயே கற்றுக்கொள்ள வேண்டுமா, அல்லது இது பழைய ஆட்களின் பழக்கம் மட்டும்தானா? பட்டன் இருக்கும்போது எதற்குத் தட்டச்சு செய்ய வேண்டும்?"

கற்றுக்கொள்ளுங்கள். நீங்கள் சேர்ந்திருக்கும் வேலையில் அது இல்லாமல் காலம் தள்ள முடியாது. ஆனால் வேகம், கெத்து என்று அவர்கள் சொல்லும் காரணங்களுக்காக வேண்டாம். வேகம் என்பது பாதி உண்மைதான். ஒரே ஒரு கோப்பை இந்த ஃபோல்டரிலிருந்து அந்த ஃபோல்டருக்கு மாற்ற வேண்டுமென்றால் மவுஸால் இழுத்துப் போடுவது பல நேரம் சீக்கிரமே முடிந்துவிடும்.

கட்டளையின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீங்கள் தட்டியது ஒரு வரி எழுத்து. வேலை முடிந்த பிறகும் அந்த வரி உங்கள் கையில் இருக்கும். அதைச் சேமித்து வைக்கலாம், நாளைக்கு மறுபடி ஓட்டலாம், பக்கத்து இருக்கைக்காரருக்கு அனுப்பலாம், நூறு சர்வர்களில் ஒரே மாதிரி ஓட்டலாம், ஓட்டுவதற்கு முன்பே இன்னொருவரைப் படித்துப் பார்க்கச் சொல்லலாம். மவுஸால் செய்த வேலை அந்த நேரத்தோடு போய்விடும். எந்த மெனுவில் எதைத் தேர்ந்தெடுத்தோம், எந்தப் பெட்டியில் டிக் போட்டோம் என்பதற்குப் பெரும்பாலும் தடயமே இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டால் எந்த வேலைக்கு எதை எடுப்பது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள். மீதி எல்லாம் இதற்கான விளக்கம்தான். கட்டளைகளின் பெயர்களை வாயால் சொல்வதுபோலவே எழுதுகிறேன்.

முதலில், அந்தக் கறுப்புத் திரை ஏன் அவ்வளவு கறாராக நடந்துகொள்கிறது என்று பார்ப்போம். லினக்ஸின் முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளம் 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகியோர் கையில் பிறந்தது. அப்போது அவர்கள் கட்டளை தட்டிய கருவியில் திரை இல்லை. காகிதச் சுருளில் அடிக்கும் டெலிடைப் இயந்திரம்தான் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய மாடல் 33 வினாடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும். விசைகளை அழுத்துவதும் கஷ்டம். அந்த நிலையில் யாராக இருந்தாலும் நீளமான பெயர் வைக்க மாட்டார்கள். அதனால்தான் பட்டியலிட எல்எஸ், நகலெடுக்க சிபி, நகர்த்த எம்வி, அழிக்க ஆர்எம் என்று எல்லாம் இரண்டே எழுத்து.

அதே காரணத்தால்தான் சிபி வேலையை முடித்துவிட்டு ஒரு வார்த்தைகூடப் பேசாமல் அடுத்த வரிக்கு வந்து நிற்கிறது. "வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது" என்று ஒவ்வொரு முறையும் காகிதத்தில் அடித்துக்கொண்டிருந்தால் நேரமும் காகிதமும் வீண். புதிதாக வருபவர்களுக்கு இந்த மௌனம்தான் முதல் பயம்: நடந்ததா, நடக்கவில்லையா? நடந்துவிட்டது என்று அர்த்தம். தவறு என்றால்தான் அது வாயைத் திறக்கும். இந்த மௌனத்துக்கு இன்னொரு பயனும் உண்டு, கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

வரைகலைத் திரையின் கதையும் கிட்டத்தட்ட அதே காலத்ததுதான். 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கெல்பார்ட் மவுஸையும், திரையில் நேரடியாக எழுத்தைத் திருத்துவதையும் மேடையில் செய்து காட்டினார். 1973இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் ஆல்டோ என்ற கணினி வந்தது. ஜன்னல், ஐகான், மெனு எல்லாம் அங்கே வளர்ந்தன. நாம் யோசிக்காமல் செய்யும் வெட்டு, நகல், ஒட்டு மூன்றும் லாரி டெஸ்லரும் அவர் கூட்டாளிகளும் அங்கே செய்த வேலையில் வேர்விட்டவை. ஆனால் விலை? 1981இல் ஜெராக்ஸ் ஸ்டார் கணினி 16,595 டாலர். 1983இல் ஆப்பிளின் லிசா 9,995 டாலர். 1984 ஜனவரியில் வந்த மேக்கின்டாஷ் 2,495 டாலர். அதற்குப் பிறகுதான் இந்தத் திரை வீடுகளுக்கும் சிறு அலுவலகங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

இந்த மாற்றத்தை உங்கள் மூத்தவர்கள் யாராவது மட்டமாகப் பேசினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கட்டளை வரி உங்களிடம் ஒன்றும் சொல்லாது. என்ன செய்ய முடியும் என்பது முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மெனுவோ, "இதெல்லாம் செய்யலாம், இது இப்போது முடியாது" என்று கண் முன்னால் விரித்து வைக்கிறது. மங்கலாகத் தெரியும் ஒரு மெனு வரிகூட ஒரு தகவல்தான். நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதைவிடப் பார்த்து அடையாளம் காண்பது மனிதர்களுக்கு எளிது. கோடிக்கணக்கானவர்கள் பயிற்சி வகுப்புக்குப் போகாமலே கணினியைப் பயன்படுத்துவது இதனால்தான்.

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ஒரு வலைத்தளம் திடீரென்று மந்தமாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒரே இடத்திலிருந்து ஆயிரக்கணக்கில் பக்கங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தேகம். சர்வரின் அக்செஸ் லாக் கோப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு வரி இருக்கும். அப்பாச்சி, என்ஜினெக்ஸ் ஆகிய வலைச் சர்வர் மென்பொருள்கள் வழக்கமாக எழுதும் வடிவத்தில் அந்த வரியின் முதல் சொல்லே வந்தவரின் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அவர் இணைப்புக்குரிய எண். கோப்பு இரண்டு ஜிபி. இதை விரிதாளில் திறந்து பார்க்கலாம் என்றால் எக்செல் 10,48,576 வரிகளோடு நின்றுவிடும். சாதாரண உரைத் திருத்தி திறக்கவே திணறும்.

டெர்மினல் எனப்படும் அந்தக் கறுப்புத் திரையில் இதற்கு ஐந்து சின்னக் கட்டளைகளை வரிசையாகக் கோக்க வேண்டும். முதலில் ஆக்: ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லை மட்டும் எடுத்துத் தரும். அதன் வெளியீடு சார்ட்டுக்குப் போகும். ஒரே முகவரிகள் எல்லாம் அடுத்தடுத்து வந்து நிற்கும். அடுத்து யூனிக், சி என்ற விருப்பத்தோடு: ஒரே மாதிரியான வரிகளை ஒன்றாக்கி, முன்னால் எண்ணிக்கையைப் போடும். அப்புறம் மறுபடி சார்ட், இந்த முறை எண்ணாகப் பாவித்து, பெரியது மேலே வரும்படி. கடைசியில் ஹெட், முதல் பத்து வரிகளை மட்டும் காட்ட. எல்லாவற்றுக்கும் நடுவில் பைப் எனப்படும் அந்த நெட்டுக்கோடு. கொஞ்ச நேரத்தில் அதிகம் கேட்ட பத்து முகவரிகள் எண்ணிக்கையோடு திரையில் வந்து நிற்கும்.

இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. முதல் சார்ட்டை விட்டுவிட்டு நேராக யூனிக்குக்குப் போவார்கள். ஒரே முகவரி பத்துத் தடவை வெவ்வேறு எண்ணிக்கையோடு வரும். யூனிக் பக்கத்துப் பக்கத்து வரிகளை மட்டும்தான் ஒப்பிடும். தள்ளி இருப்பது அதன் கண்ணில் படாது. இன்னொன்று: உங்கள் சர்வருக்கு முன்னால், கோரிக்கைகளைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் லோடு பேலன்சர் இருந்தால் முதல் சொல்லாக அதன் முகவரியே திரும்பத் திரும்ப வரக்கூடும். அப்போது உண்மையான முகவரி வரியில் எங்கே பதிவாகிறது என்று லாக் அமைப்பைப் பார்த்துவிட்டு எடுங்கள்.

இந்தக் கோக்கும் யோசனையை முதலில் எழுதி வைத்தவர் பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய். தோட்டத்துத் தண்ணீர்க் குழாயில் இன்னொரு துண்டைத் திருகி மாட்டுவதுபோல நிரல்களை ஒன்றோடொன்று இணைக்க வழி வேண்டும் என்று 1964லேயே குறிப்பு எழுதினார். 1973இல் தாம்சன் அதை யூனிக்ஸில் சேர்த்தார். முன்பு சொன்ன மௌனத்தின் பயன் இங்கேதான். ஒவ்வொரு கட்டளையும் "வணக்கம், வேலையைத் தொடங்குகிறேன், முடித்துவிட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தால் அந்தப் பேச்சும் சேர்ந்து அடுத்த கட்டளைக்குள் போய்விடும், எண்ணிக்கை கெட்டுவிடும். பேசாமல் இருப்பதால்தான் கோக்க முடிகிறது.

இப்போது அதே கோவையின் தலையை மட்டும் மாற்றுங்கள். உங்களிடம் ஒரு பெரிய தமிழ் உரைக்கோப்பு இருக்கிறது, எந்தச் சொல் அதிகம் வருகிறது என்று தெரிய வேண்டும். ஆக்குக்குப் பதிலாக டிஆர் கட்டளையைப் போட்டு, ஒவ்வொரு இடைவெளியையும் வரி முறிவாக மாற்றச் சொல்லுங்கள். சொல்லுக்கு ஒரு வரி கிடைத்துவிடும். அதற்குப் பின்னால் வரும் நான்கும் அப்படியே: சார்ட், யூனிக், சார்ட், ஹெட். சர்வர் லாக்குக்கும் தமிழ் உரைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றும் இல்லை. இரண்டும் வரிகள், அவ்வளவுதான். லாக் பார்க்க ஒரு மென்பொருள், சொல் எண்ண இன்னொரு மென்பொருள் என்று யாரும் உங்களுக்குச் செய்து தர வேண்டியதில்லை. 1986இல் ஒரு கணினி இதழில் கணினி அறிஞர் டொனால்ட் நூத் இதே சொல் எண்ணும் வேலைக்குப் பல பக்கங்கள் நீளும் அழகான ஒரு பாஸ்கல் நிரலை எழுதினார். அதை விமர்சித்த மெக்கில்ராய் ஆறே கட்டளைகளைக் கோத்து அதே விடையைக் காட்டினார்.

தமிழ் என்று வந்துவிட்டதால் இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் டெர்மினலைப் பற்றிய பாடங்களில் இதை யாரும் சொல்வதில்லை. மெக்கில்ராய் எழுதிய வரி ஆங்கில எழுத்துகள் அல்லாத எல்லாவற்றையும் வரி முறிவாக மாற்றியது. அதை அப்படியே தமிழ்க் கோப்பில் ஓட்டினால் ஒன்றும் மிஞ்சாது. நான் சொன்ன இடைவெளி முறை வேலை செய்வதற்குக் காரணம், எழுத்துகளைக் கோப்பில் பைட்டுகளாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் இடைவெளிக்குரிய பைட் எந்தத் தமிழ் எழுத்தின் உள்ளேயும் வராது என்பது. லினக்ஸில் பரவலாக இருக்கும் டிஆர் பைட் பைட்டாகத்தான் பார்க்கும். ஆகவே இடைவெளியை மாற்றச் சொல்லலாம், ஆனால் "ன" எழுத்தை மட்டும் நீக்கு என்று அதனிடம் சொல்லாதீர்கள்; கோப்பு நாசமாகும். அந்த வேலைக்கு செட் கட்டளைதான் சரி.

"தமிழ்" என்று ஒரு கோப்பில் எழுதிச் சேமித்து, எண்ணித் தரும் டபிள்யூசி கட்டளையிடம் கொடுத்துப் பாருங்கள். பைட் எத்தனை என்று கேட்டால் 15 என்னும். எழுத்துக்குறி எத்தனை என்று கேட்டால் 5. கோப்பின் கடைசியில் எண்டர் இருந்தால் இரண்டிலும் ஒன்று கூடும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் மூன்று என்று சரியாகச் சொல்லிவிடும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாகக் கணினி வைத்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். பைத்தான் நிரல்மொழியில் சொற்களைப் பிடிக்க எல்லோரும் போடும் பேக்ஸ்லாஷ் டபிள்யூ என்ற குறியும் உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக ஏற்காது. "தமிழ்" என்ற சொல் "தம", "ழ" என்று இரண்டு துண்டாக வந்து விழும். இதைப் பார்த்துத் தமிழ்க் கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தவர்கள் உண்டு. கோப்பில் குறையில்லை, வெட்டிய கத்தியில்தான் குறை.

தேடலிலும் ஒரு பொறி இருக்கிறது. "கொ" என்ற எழுத்தைக் ககரத்தோடு ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. கிரெப் கட்டளைக்கு அவை வேறு வேறு. பழைய கோப்புகளில் "கொடி" தேடி ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் முதலில் யூனிகோட் சமன்செய்தலை, அதாவது இரண்டு வடிவங்களையும் ஒரே வடிவமாக்குவதை, செய்துவிட்டுத் தேடுங்கள்.

அகரவரிசையும் அப்படியே. எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுக்கும் யூனிகோட் அட்டவணையில் "ன" பகரத்துக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது, நமக்கு அது கடைசி மெய். புள்ளிக்கான குறி எல்லா மெய்க்கும் பின்னால் இருக்கிறது. ஆகவே வெறும் குறியீட்டு வரிசையில் அடுக்கினால் "பகல்" முதலில், "பக்கம்" பிறகு வரும், அகராதியில் நேர்மாறு. எண்ணிக்கைக்கு மட்டும் என்றால் இது பாதிக்காது, ஒரே சொற்கள் பக்கத்தில் வந்தால் போதும். அச்சுக்குப் போகும் பட்டியல் என்றால் தமிழ் வரிசை விதிகள் உள்ள கருவியால் அடுக்கி, கண்ணாலும் சரிபாருங்கள்.

அப்புறம் திரை. டெர்மினல் என்பது அடிப்படையில் கட்டம் போட்ட தாள். ஒவ்வொரு எழுத்தும் தன் கட்டத்துக்குள் அடங்க வேண்டும் என்று எதிர்பார்க்கும். 1978இல் வந்த விடி100 என்ற திரைக் கருவியின் 80 பத்தி, 24 வரி இன்றும் பல டெர்மினல்களின் தொடக்க அளவு. ஆங்கில எழுத்து அதில் அழகாக உட்காரும். "ணௌ" எப்படி உட்காரும்? டெர்மினலுக்கு டெர்மினல் ஒவ்வொரு மாதிரி: ஒன்றில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும், ஒன்றில் கொம்பு தனியாக நிற்கும், ஒன்றில் கர்சர் இரண்டு இடம் தள்ளிக் குந்தும். ஆகவே என் யோசனை தெளிவானது: தமிழை எழுதவும் திருத்தவும் வரைகலைத் திருத்தியைப் பயன்படுத்துங்கள், எண்ணவும் தேடவும் பிரிக்கவும் கட்டளைகளைப் பயன்படுத்துங்கள், முடிவைக் கோப்பில் எழுதச் சொல்லி மறுபடி திருத்தியில் திறந்து பாருங்கள். இதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை. இந்தக் கருவிகளைச் செய்தவர்களின் மனதில் அன்று நம் எழுத்து இல்லை, அதுதான் விஷயம்.

எழுத்தாக இருப்பதன் இன்னொரு பயன், தொலைவு. உங்கள் சர்வர் எந்த நாட்டு டேட்டா சென்டரில் இருக்கிறதோ, அதற்கு மானிட்டரே இருக்காது. ஃபின்லாந்தின் டாட்டு யூலோனன் 1995இல் எழுதிய, தொலைவிலிருந்து சர்வரில் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாகத்தான் உள்ளே போவீர்கள். போவதும் வருவதும் எழுத்து என்பதால் ரயிலில் ஃபோன் இணைப்பை வைத்துக்கொண்டுகூட வேலை பார்க்கலாம். அதே இணைப்பில் முழுத் திரையையும் படமாக இழுத்துப் பார்த்தால் ஒவ்வொரு கிளிக்குக்கும் காத்திருக்க வேண்டும்.

ஒருவருக்கு ஃபோனில் உதவி செய்திருந்தால் இதை இன்னும் நன்றாக உணர்வீர்கள். "செட்டிங்ஸ் போங்க அண்ணா, இடது பக்கம் நெட்வொர்க் என்று இருக்கும் பாருங்க", "அப்படி ஒன்றும் இல்லையேப்பா", "உங்களுடையது எந்த வெர்ஷன்?" என்று அரை மணி நேரம் ஓடும். கட்டளையாக இருந்தால் ஒரு வரியை அனுப்பி, வந்த விடையை அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னால் போதும்.

ஆனால் அந்த வசதிதான் ஆபத்தும். யாரோ எழுதி வைத்த வரியை அப்படியே ஒட்டி எண்டர் தட்டுவது, முன்பின் தெரியாதவர் நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடுவதற்குச் சமம். முக்கியமாக, இணையத்திலிருந்து ஒரு ஸ்கிரிப்ட்டை, அதாவது கட்டளைகள் எழுதிய கோப்பை இறக்கி, படிக்காமலே நிர்வாகி உரிமையோடு ஓட்டும் வரிகள். இப்போது செயற்கை நுண்ணறிவு உதவியாளர்களும் கட்டளை எழுதித் தருகிறார்கள், சில கருவிகள் தாங்களே ஓட்டவும் செய்கின்றன. வரியைப் படித்துப் புரிந்துகொள்ளும் திறமை இதனால் குறைவாகத் தேவைப்படும் என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மாறாகத் தெரிகிறது. எழுத வேண்டிய தேவை குறையலாம். படிக்க வேண்டிய தேவை கூடத்தான் செய்யும்.

அழிப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆர்எம் அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போகாது. நட்சத்திரக் குறிக்கும் கோப்பின் பின்னொட்டுக்கும் நடுவில் தெரியாமல் ஓர் இடைவெளி விழுந்தால், "இந்த வகைக் கோப்புகளை அழி" என்பது "இந்த ஃபோல்டரில் உள்ள எல்லாவற்றையும் அழி" என்று மாறிவிடும். கட்டளை வரி உங்களைத் தடுக்காது. ஆகவே அழிப்பதற்கு முன் அதே வடிவத்தை எல்எஸ்ஸிடம் கொடுத்து எவையெல்லாம் வருகின்றன என்று பாருங்கள். பட்டியல் சரியாக இருந்தால் மேல் அம்புக்குறியை அழுத்தி, எல்எஸ்ஸை மட்டும் ஆர்எம் என்று மாற்றுங்கள். எந்தச் சர்வரில் இருக்கிறோம் என்று ஹோஸ்ட்நேம், அதாவது சர்வரின் பெயர் பார்க்கும் பழக்கமும் வேண்டும். 2017 ஜனவரி 31 அன்று நிரல்களைச் சேமித்து வைக்கும் சேவை தரும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் துணைச் சர்வர் என்று நினைத்து முதன்மைச் சர்வரின் தரவுத்தள ஃபோல்டரை அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபியில் 4.5 ஜிபிதான் மிஞ்சியிருந்தது. கிட்டத்தட்ட ஆறு மணி நேரத்துத் தரவு திரும்பக் கிடைக்கவில்லை. நடந்ததை அந்த நிறுவனம் ஒளிக்காமல் வெளியிட்டதால்தான் நம்மைப் போன்றவர்கள் பாடம் கற்க முடிந்தது.

வரைகலை என்றால் பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். 2020 ஆகஸ்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் என்ற அழகுப்பொருள் நிறுவனத்தின் கடனுக்காகச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட 90 கோடி டாலரை அனுப்பிவிட்டது. அசலை வெளியே போகாமல் நிறுத்த மென்பொருள் திரையில் மூன்று பெட்டிகளை நிரப்ப வேண்டும். ஒன்றை மட்டும் நிரப்பினார்கள். மூன்று பேர் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகுதான் பணம் போனது. பெட்டிகள் கண்ணெதிரே இருந்தன, அவற்றின் விளைவு கண்ணெதிரே இல்லை. திரை நன்றாக வடிவமைக்கப்பட்டிருந்தால்தான் பாதுகாப்பு. படமும் பட்டனும் இருப்பது மட்டும் போதாது.

மவுஸை எப்போது எடுப்பது என்பதையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். படம் திருத்துவது, வரைபடம், பக்க வடிவமைப்பு, வீடியோ வெட்டுவது எல்லாம் கண்ணின் வேலை. அங்கே கட்டளை என்று அடம்பிடிப்பதில் அர்த்தமில்லை. ஒரு கோப்பின் இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் என்ன மாறியிருக்கிறது என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வண்ணத்தில் பார்ப்பது எனக்கு இன்றும் சுலபம். சர்வரின் சுமை ஒரு வாரமாக எப்படி ஏறி இறங்கியது என்பதை எண்களாகப் படிப்பதைவிட ஒரு கோட்டுப் படம் நொடியில் சொல்லிவிடும். வருடத்துக்கு ஒரு முறை தொடும் அமைப்பு என்றால் மெனுவில் தேடிக்கொள்ளுங்கள், மனப்பாடம் செய்ய வேண்டாம். புதிய மென்பொருள் ஒன்றில் என்னவெல்லாம் உண்டு என்று துழாவிப் பார்க்கவும் மெனுதான் நல்லது. பார்வையற்றவர்களுக்கு எழுத்துத் திரை எப்போதும் எளிது என்றும் பலர் நினைக்கிறார்கள். எழுத்துகளால் வரைந்த அட்டவணையும் நகர்ந்துகொண்டே இருக்கும் முன்னேற்றப் பட்டையும் திரைவாசிப்பானில் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும். அங்கே ஒழுங்காகக் குறியிடப்பட்ட ஒரு வலைப்பக்கம் எவ்வளவோ மேல்.

இது பழைய ஆட்களின் பழக்கமா என்று கேட்டீர்கள். கட்டளை வரியே இல்லாமல் 1984இல் வந்த மேக், 2001இல் யூனிக்ஸ் அடித்தளத்தில் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்தபோது டெர்மினலையும் கூடவே கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்ட் 2006இல் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியை வெளியிட்டது, 2016இல் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகளை ஓட்ட வழி செய்தது. ஜன்னலையும் ஐகானையும் உலகத்துக்குக் கொண்டுபோன இரண்டு நிறுவனங்களும் இப்படித் திரும்பி வந்ததற்கு ஏக்கம் காரணமில்லை. ஆயிரம் இயந்திரங்களை ஒரே மாதிரி அமைக்க வேண்டியவர்களுக்கு எழுதி வைக்கக்கூடிய, திரும்ப ஓட்டக்கூடிய ஒன்று தேவைப்பட்டது.

எப்படித் தொடங்குவது? கட்டளைப் பட்டியலை மனப்பாடம் செய்யாதீர்கள், ஒரு வாரத்தில் மறந்துவிடும். ஃபோல்டருக்குள் போக சிடி, பார்க்க எல்எஸ், பெரிய கோப்பைப் படிக்க லெஸ், தேட கிரெப், அப்புறம் பைப். இவ்வளவு போதும் முதல் மாதத்துக்கு. பெயரை முழுதாகத் தட்டாமல் டேப் விசையை அழுத்தப் பழகுங்கள். எழுத்துப்பிழையில் பாதி அதிலேயே ஒழியும். முன்பு தட்டிய கட்டளையைத் தேட கண்ட்ரோலும் ஆரும். ஓடுவதை நிறுத்த கண்ட்ரோலும் சியும். ஒரு கட்டளையின் விருப்பங்கள் தெரியவில்லை என்றால் மேன் என்று போட்டு அதன் பெயரைத் தட்டினால் கையேடு அங்கேயே திறக்கும். முதலில் அந்தக் கையேடு வறட்சியாகத் தெரியும். பழகியபின் இணையத்தில் தேடுவதைவிட அதுதான் நம்பகம், ஏனென்றால் உங்கள் இயந்திரத்தில் இருக்கும் அதே பதிப்பைப் பற்றி அது பேசுகிறது.

ஒரு வேலையை மூன்றாம் முறை தட்டுகிறீர்கள் என்று தோன்றினால் அந்த வரிகளை ஒரு கோப்பில் போட்டுப் பெயர் வையுங்கள். அதுதான் ஸ்கிரிப்ட். மாற்றங்களைப் பதிவு செய்து வைக்கும் கிட் என்ற மென்பொருளில் அதைச் சேர்த்துவிட்டால் யார், எப்போது, ஏன் மாற்றினார்கள் என்பதும் கூடவே இருக்கும். உங்கள் மூத்தவர்களிடம் இருக்கும் நிஜமான சொத்து அவர்கள் விரல் வேகம் இல்லை, இப்படிச் சேர்த்து வைத்திருக்கும் வரிகள்தான். மவுஸைப் பார்த்துச் சிரிப்பவரிடம் போய், "அண்ணா, நீங்கள் அடிக்கடி ஓட்டும் ஸ்கிரிப்ட் ஒன்றைக் காட்டுங்கள், வரி வரியாகப் புரிந்துகொள்கிறேன்" என்று கேளுங்கள். பெரும்பாலானவர்கள் சிரிப்பை விட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போடுவார்கள்.

நாளைக்கே செய்ய ஒன்று வேண்டுமென்றால், சோதனைச் சர்வரின் அக்செஸ் லாக்கை உங்கள் சொந்த ஃபோல்டருக்கு நகலெடுத்துக்கொண்டு, மேலே சொன்ன ஐந்து கட்டளைகளை ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். முதலில் ஆக் மட்டும், நடுவில் நிறுத்த கண்ட்ரோல் சி. அப்புறம் சார்ட்டைச் சேர்த்து, லெஸ்ஸில் விட்டுப் பாருங்கள். அப்புறம் யூனிக். ஒவ்வொரு படியிலும் என்ன மாறியது என்று கண்ணால் பார்த்த பிறகு அடுத்ததற்குப் போங்கள். முகவரிகளுக்குப் பதிலாக எந்தப் பக்கத்தை அதிகம் கேட்டார்கள் என்று அறிய ஆக்கிடம் எத்தனையாவது சொல்லைக் கேட்க வேண்டும் என்பதையும் கண்டுபிடியுங்கள். வழக்கமான வடிவத்தில் அது ஏழாவது.